ஒன்றரைக் கட்டை

எங்கள் ஊரில் தியேட்டர் தெரு என்று சொன்னால் ஆட்டோக்காரர் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார். இரண்டு தியேட்டர், சில லாட்ஜுகள், பரோட்டாக் கடைகள், பாதாம்பால் வண்டி, சவுண்ட் சர்வீஸ் கடைகள், மாடிப்படி ஓரத்தில் பேனர் தொங்கும் கச்சேரிக் குழுக்களின் அறைகள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு அந்தத் தெருவுக்கு மவுசு கூடிவிட்டது. தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து நான்கு நாள் இசைவிழா நடத்தப் போகிறார்கள், உள்ளூர்க் குழுக்களுக்கு மட்டும்தான் மேடை என்று சேதி வந்ததும் நான் பாடுகிற குழுவில் எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். எனக்கு மட்டும் பயமாக இருந்தது.

காரணம் என் கழுத்தில் இருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் புதுச்சேரிக்குப் போய்த் தைராய்டு கட்டியை அறுத்து எடுத்துவிட்டு வந்திருந்தேன். பேச்சு ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. பாட்டு ஆகவில்லை. கீழே பாடினால் பழைய குரல்தான். மேலே போனால் ஓர் இடத்துக்கு அப்புறம் குரலே இருக்காது, வெறும் காற்று வரும். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு மேலே போய்ப் பார்ப்பேன். விசில் நின்ற பிறகும் நான் எட்ட வேண்டிய இடம் அங்கேயே இருக்கும். குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

குழுவில் இது ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். கீபோர்டு வாசிக்கிற தம்பி. எங்களுடையது சின்னக் குழு. சுருதியோடு வாசிக்கிற கருவி அது ஒன்றுதான், மற்றதெல்லாம் தாளம். அதனால் அவன் கீபோர்டில் ஒரு பொத்தானை மூன்று தரம் அழுத்தினால் போதும், தரத்துக்கு அரைக் கட்டையாகப் பாட்டு முழுக்க ஒன்றரைக் கட்டை சுருதி இறங்கிவிடும். அவன் விரல்கள் எப்போதும் போகிற இடத்துக்கே போகும். சத்தம் மட்டும் கீழே வரும். ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் அவனைப் பார்ப்பேன். கீபோர்டு ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு விரலை நீட்டி, அடுத்த விரலைப் பாதி மடக்கிக் காட்டுவான். ஒன்றரை இறக்கியாயிற்று என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும்.

அவனிடமும் நான் முழு உண்மையைச் சொல்லவில்லை. ஒன்றரை இறக்கினாலும் சில இடங்களில் எனக்குக் குரல் பிசிறும். அதற்கும் கீழே கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவனுடைய கண்ணிலும் நான் இறங்கிவிடுவேன் என்று ஒரு நினைப்பு.

குழு உரிமையாளர் அண்ணனுக்கு மட்டும் இது தெரியவே கூடாது என்று இருந்தேன். அவர் ரிதம் பேடு வாசிப்பவர். காது முழுக்கத் தாளம். சுருதி அரைக் கட்டை முன்னே பின்னே போனால் அவருக்கு உறைக்காது. ஆனால் குரல் உடைந்தால் யாருக்கும் உறைக்கும். அவர் யாரையும் வேலையை விட்டு நிறுத்துகிற ஆள் இல்லை. போன் பண்ணுவதை நிறுத்திவிடுவார். எங்களோடு பாடிக்கொண்டிருந்த ஒருவர் தன் இடம் போய்விட்டதைப் பேனரில் வேறு முகம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அவர் பிறகு என்னைக் கடைத்தெருவில் பார்த்தாலும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். நானும் அப்படி ஒதுங்கிப் போகிற நாளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

விழாவின் முதல் நாள் எங்களுக்குச் சாமி பாட்டுகள் மட்டும். தெருவின் ஒரு முனையில் மேடை. கழுத்துத் தழும்பை மறைக்க அகலமான அட்டிகை போட்டுக்கொண்டு போயிருந்தேன். கச்சிராயபாளையம் பேருந்திலிருந்து இறங்கியவர்கள் பையும் கையுமாக அப்படியே நின்று கேட்டார்கள். பிள்ளையார் பாட்டு முடிந்ததும் ஒருவர் முன்னே வந்து, “அக்கா, உங்க பாட்டு இன்னிக்கு இல்லியா?” என்றார்.

“கடைசி நாளுங்க” என்றேன். சொல்லிவிட்டு அட்டிகையைச் சரிசெய்துகொண்டேன்.

‘உங்க பாட்டு’ என்று அவர் சொன்னது பழைய சினிமாப் பாட்டு ஒன்றை. எங்கள் கச்சேரி எப்போதும் அதில்தான் முடியும், அதை எப்போதும் நான்தான் பாடுவேன். இரண்டாவது சரணத்தில் அது மேலே ஏறிக்கொண்டே போகும். வெள்ளிமலைக்குப் போகிற பஸ் கடைசி வளைவில் கியர் மாற்றித் திணறுமே, அந்த மாதிரி ஓர் இடம். குழுவில் அதற்கு மலைப் பாட்டு என்றே பெயர். முன்பெல்லாம் அந்த இடம் வரும்போது எனக்குத் திமிர் வந்துவிடும். மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பாடுவேன்.

நடுவில் இரண்டு நாளும் மற்றக் குழுக்கள். வீட்டில் இருக்க முடியாமல் போய் நின்றேன். மூன்றாம் நாள் வேறொரு குழுவில் ஒரு பெண் அதே பாட்டை எடுத்தாள். அசல் சுருதி. அந்த இடத்தில் படிக்கட்டு ஏறுவது மாதிரி சாதாரணமாக ஏறி இறங்கினாள். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த பாதாம்பால்காரர், “நல்லாத்தான் பாடுது. இருந்தாலும் நம்ம அக்கா நாளைக்குப் பாடும் பாருங்க” என்று யாரிடமோ சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்து வந்துவிட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு பயம் வந்திருக்காது.

கடைசி நாள் சாயங்காலம் மலைப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. பெய்து கெடுத்துவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டேன். விழா நடக்க வேண்டும் என்று ஊரே வேண்டும்போது நான் ஒருத்தி மழைக்கு வேண்டிக்கொண்டு நின்றேன். மழை வரவில்லை. காற்று மட்டும் வந்து பேனர்களை அடித்தது. கச்சேரி போய்க்கொண்டே இருந்தது, மலைப் பாட்டும் வந்தது. தம்பி ஸ்டாண்டுக்குக் கீழே ஒன்றரை விரல் காட்டினான். பல்லவி, முதல் சரணம் இரண்டும் குறையில்லாமல் போயின. கூட்டம் கைதட்டியது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

தெரு முழுக்க இருட்டு, விசில், செல்போன் வெளிச்சம். தியேட்டர் பின்னால் ஜெனரேட்டர் உறுமி, குழல் விளக்குகள் கண் சிமிட்டி எரிந்தன. தூறல் விழ ஆரம்பித்தது. அண்ணன் அவசரப்பட்டார். “மழ வந்துகினு இருக்குது. வுட்ட எடத்துல இருந்து எடுப்பா, எடு எடு!” என்று பேடில் தாளத்தைத் தட்டிவிட்டார். தம்பியும் பாய்ந்து இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இசையை எடுத்தான்.

இரண்டு சுரம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கீபோர்டு அணைந்து எரிந்தால் இறக்கி வைத்த சுருதியை மறந்துவிடும். பழையபடி அசல் சுருதிக்குப் போய்விடும். அவன் பொத்தானை மறுபடி அழுத்த மறந்துவிட்டான். எத்தனை கரண்ட் கட்டைப் பார்த்தவன் அவன், நானும்தான். மூன்று தரம் அழுத்த வேண்டியதை இரண்டு பேரும் மறந்தோம்.

அவனைப் பார்த்தேன். அவனும் கண்டுபிடித்துவிட்டான். இரண்டு கையும் வாசிப்பில் சிக்கிக்கொண்டிருக்க, முகம் வெளுத்துப்போய் என்னையே பார்த்தான். நடுவில் மாற்றினால் கேட்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். நிறுத்தினாலும் தெரிந்துவிடும். பாடினால் ஒருவேளை தெரியாமல் போகலாம், ஒருவேளை இன்றைக்கு மட்டும் குரல் வந்துவிடலாம். பயந்தவர்களுக்கு இந்த ‘ஒருவேளை’ ஒன்று போதும். பாடினேன்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வரி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. அந்த இடத்துக்கு வாயைத் திறந்தேன். காற்று வந்தது. அவ்வளவுதான். அத்தனை பெரிய ஸ்பீக்கர்களில் என் மூச்சு மட்டும் புஸ்ஸென்று கேட்டது.

பிறகு கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். “யோவ், மைக்கு போச்சு, மைக்கப் பாருய்யா!” உடனே நாலு பக்கமும் “மைக்கு! மைக்கு!” என்று சத்தம்.

அந்த ஊர் என் தொண்டையைச் சந்தேகப்படவே இல்லை. மைக்கைச் சந்தேகப்பட்டது.

சவுண்ட் சர்வீஸ்காரர் வேறு மைக்கோடு மேடைக்கு ஓடி வந்தார். நாலு நாளும் தூங்காத கண். என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும்போது, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். “மைக்கு நல்லாத்தான்க்கா இருக்குது. நீங்க தண்ணி குடிச்சிட்டு மெதுவா எடுங்க. நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு, இல்லாத பழுதைக் கேபிளில் தேடுகிறவர் மாதிரிக் குனிந்துகொண்டார். அந்த இடைவெளியில் தம்பியின் விரல் பொத்தானை மூன்று தரம் அழுத்தியதைப் பார்த்தேன். ஒன்றரை விரல் காட்டினான். எல்லாம் சரியாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் போதும்.

ஆனால் அண்ணன் சும்மா இருக்கவில்லை. அறிவிப்பு மைக்கை எடுத்து ஊரறியச் சவுண்ட்காரரைப் பிடித்துக்கொண்டார். “இன்னாய்யா சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்க நீ? கடைசிப் பாட்டுல வந்து மானத்த வாங்கற? ஒரு மைக்க ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல?” விழாக் கமிட்டிக்காரர் ஒருவரும் மேடைக்குக் கீழே வந்து நின்று, “அடுத்த வருஷம் இந்தாளு வேணாங்க, வேற ஆளப் பாக்கலாம்” என்றார். சவுண்ட்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, “சாரிங்க, கேபிள் லூசுங்க” என்றார். அவருடைய மனைவி மேடைக்குப் பக்கத்தில் மடித்த நாற்காலிகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் எல்லார்மேலும். கத்துகிற அண்ணன்மேல், கேட்காத உதவியைச் செய்து என்னை மாட்டிவைத்த சவுண்ட்காரர்மேல், இந்த அட்டிகைமேல், கழுத்துமேல். பயத்தை மீறி எனக்கு எதுவாவது வருமென்றால் அது கோபம் ஒன்றுதான். அன்றைக்கு அது எனக்கு நல்லது செய்தது.

“அண்ணா, நிறுத்துங்க” என்றேன். புது மைக் நன்றாகவே கேட்டது. “மைக்கு மேல தப்பே இல்லீங்க. என் தொண்டதான். ஆப்பரேஷன் ஆச்சு. அந்த ஒசரத்துக்கு இனிமே என்னால போவ முடியாது. ஆப்பரேஷனுக்கு அப்புறம் சுருதியக் கம்மி பண்ணிக்கினுதான் எல்லாப் பாட்டும் பாடறேன். கரண்ட் போனதுல அது மாறிப்போச்சு. அவரத் திட்டாதீங்க.”

தெரு அப்படியே நின்றது. பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம்கூட நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றியது. அண்ணன் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மைக்கை வைத்துவிட்டுப் பேடுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அப்போது தம்பி, இத்தனை நாளும் விரலால் மட்டும் பேசியவன், தன் மைக்கிலேயே கேட்டான்.

“அக்கா, ஒன்றரை போதுமா?”

ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. போதும் என்று சொல்லத்தான் வாய் போனது.

“பத்தாது. ரெண்டு எறக்கு” என்றேன்.

அவன் இன்னொரு தரம் அழுத்தினான். இரண்டாவது சரணத்தை முதலிலிருந்து பாடினேன். அந்த இடம் வந்தது, குரலும் வந்தது. பழைய வெளிச்சம் அதில் இல்லை. எனக்கே தெரிந்தது. ஆனால் பயம் இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடி எத்தனை மாதம் ஆகியிருந்தது! முடிந்ததும் கைதட்டினார்கள். பாவப்பட்டுத் தட்டினார்களா, பிடித்துத் தட்டினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சவுண்ட்காரர் மட்டும் கிட்டே வந்து, “இன்னாத்துக்குக்கா சொன்னீங்க?” என்று கோபமாகக் கேட்டுவிட்டு ஒயரைச் சுருட்டப் போனார். அவருடைய மனைவி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அண்ணன் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பாத்திரம் தேய்க்கும்போது ஜன்னல் விளிம்பில், குளிக்கும்போது கதவுக்கு வெளியே. லோன் வேண்டுமா என்று கூப்பிட்ட பெண்ணை அநியாயத்துக்குத் திட்டினேன். வீட்டுக்காரர், “வேணும்னா நீயே பண்ணிக் கேளேன்” என்றார். கேட்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். கடைத்தெருவில் எங்கள் குழுவின் பேனர் கண்ணில் பட்டால், அதில் யார் முகம் இருக்கிறது என்று பார்க்காமலேயே தாண்டிப் போனேன்.

ஒரு மத்தியானம் போன் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. அண்ணன் எடுத்த எடுப்பில், “களமருதூர்ல கோயில் கச்சேரி ஒண்ணு ஒத்துக்கினு இருக்கேன். அந்த மலப் பாட்டு இனிமே வேணாம். கீழயே இருக்கற பாட்டா ஒண்ணு பாத்து வெச்சிக்கோ” என்றார்.

“எதுக்குங்கண்ணா?”

“இன்னா எதுக்கு? கடைசில நீ பாட வேணாமா?” என்று எரிந்து விழுந்துவிட்டு வைத்துவிட்டார்.

அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். இடம் நிலைத்த சந்தோஷத்தில் இல்லை. அந்தப் பாட்டை இனி மேடையில் பாடவே மாட்டேன் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. அழுது முடித்ததும் முகம் கழுவி, வெந்நீர் குடித்துவிட்டு, கீழேயே இருக்கிற பாட்டு எது எது என்று ஒவ்வொன்றாகப் பாடிப் பார்க்க ஆரம்பித்தேன். குக்கரை அடுப்பில் வைக்கவில்லை.