பேலன்சிங் பூபதியும் ஓர் உருண்டை நட்சத்திரமும்

ஓசூரில் பூபதி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பேலன்சிங் பூபதி என்றால் சிப்காட்டில் பாதிப் பேர் வழி காட்டுவார்கள். மோட்டார் ரோட்டரைச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் கனம் கூடுதல் என்று பார்த்து, அந்த இடத்தில் துளி இரும்பைத் துளைத்து எடுப்பது அவன் வேலை. அவன் கையை விட்டுப் போன ரோட்டர் அதிராது. அந்தக் கர்வம் அவனுக்கு உண்டு. இருக்கட்டும், வேலை தெரிந்தவனுக்கு இல்லாத கர்வம் வேறு யாருக்கு?

நான் ஜூஜுவாடியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். கேட், கிரில், ஷெட், இவ்வளவுதான் நம் தொழில். அவன் என்னிடம் முதன்முதலில் வந்தது ஓர் இரும்புத் தூண் கேட்டு. மொட்டை மாடியில் நட வேண்டுமாம், மேலே ஒரு பிளேட் வேண்டுமாம், லாரி மோதினாலும் அசையக் கூடாதாம்.

"தண்ணி டேங்குக்கா?" என்றேன்.

"இல்லண்ணா. டெலஸ்கோப்புக்கு. நட்சத்திரத்த போட்டோ எடுக்கணும்."

"கல்யாணத்துக்கு எடுக்கறவன் கையில புடிச்சிக்கினே எடுக்கறான். உனக்குத் தூணு கேக்குதா?"

"கல்யாணப் பொண்ணு ஒரு இடத்துல உக்காந்திருக்குமில்ல. இது நகந்துக்கிட்டே இருக்கும்ணா."

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். ஆள் முசிறிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு இங்கே வந்தவன். தொண்ணூற்றேழில் வானத்தில் வால் நட்சத்திரம் ஒன்று நாள்கணக்கில் தெரிந்ததே, அப்போது ஷிப்டு பஸ்ஸுக்கு நின்றவன், யாரிடமோ கேமரா இரவல் வாங்கி அதைப் படம் பிடித்திருக்கிறான். பிரிண்டு போட்டுப் பார்த்தால் வெள்ளைப் புழு மாதிரி ஒரு தீற்றல். மற்றவன் என்றால் கிழித்துப் போட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்த்திருப்பான். இவன் ஏன் தீற்றல் விழுந்தது என்று தேட ஆரம்பித்தான். தேடிக்கொண்டே பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டான்.

அந்தத் தேடலில் வந்து சேர்ந்ததுதான் மவுண்ட். டெலஸ்கோப்பைத் தாங்கிக்கொண்டு, வானம் நகர்கிற வேகத்திலேயே அதைத் திருப்புகிற பல்சக்கர இயந்திரம். பெங்களூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கினான். அது தனியாக ஓடினால் சுமாராகத்தான் ஓடும். அதனால் பக்கத்தில் ஒரு சின்ன டெலஸ்கோப், அதன் வாயில் ஒரு வெப்கேமரா. அந்தக் கேமரா ஒரே ஒரு நட்சத்திரத்தை முறைத்துக்கொண்டிருக்கும். நட்சத்திரம் இம்மி விலகினால் லேப்டாப்பில் உள்ள சாஃப்ட்வேர் பார்த்து, மவுண்டுக்கு "கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இதற்குக் கைடிங் என்று பேர். அது சரியாக நடந்தால் மூன்று நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைத்தாலும் நட்சத்திரம் புள்ளியாக விழும். நடக்காவிட்டால் முட்டையாக விழும்.

பூபதிக்கு முட்டையாகத்தான் விழுந்தது. இரண்டு குளிர்காலமாக முட்டை.

அவன் சம்சாரம் சரஸ்வதி பேரிங் குண்டு செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். விளக்குக்குக் கீழே குண்டுகளை உருட்டிப் பார்த்து, கீறல் உள்ளதைப் பொறுக்கி எறிகிற வேலை. அந்த அம்மாவிடம் சிபாரிசு செல்லாது. இரண்டாயிரத்து ஒன்பது பொங்கல் கழிந்து அந்த அம்மா என் பட்டறைக்கே வந்துவிட்டது.

"அண்ணா, உங்க தம்பி கம்பெனி பஸ்ஸுல தூங்கி, எறங்காம ஷெட்டு வரைக்கும் போயிட்டாரு. இது ரெண்டாவது தடவ. நேத்து மெஷினு முன்னாடியே கண்ண சொருகி, சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. சுத்துற ரோட்டர் முன்னாடி தூங்குற ஆளுக்கு வெரலு எதுக்குண்ணா?"

பூபதி பக்கத்தில்தான் நின்றான்.

"முடிவா சொல்லிட்டேன். பெங்களூர்ல அந்த மவுண்ட வாங்கிக்கறேன்னு ஒருத்தரு போன் மேல போன் பண்றாரு. வர்ற ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியாச்சு. அதுக்குள்ள ஒரே ஒரு நட்சத்திரம் உருண்டையா வந்தா வச்சுக்கட்டும். வரலைன்னா ஏத்தி அனுப்பிட வேண்டியது."

"அவன் என்னா சொல்றான்?" என்று நான் கேட்டேன்.

"சரின்னுட்டேண்ணா," என்றான் பூபதி. தலை நிமிர்ந்துதான் இருந்தது. "அவ கேக்கறதுல தப்பில்ல. பாத்துடறேன்."

அந்த வாரம் பூபதிக்குக் காலை ஷிப்டு. மாலை ஆறரைக்கெல்லாம் நான் கெலவரப்பள்ளி ரோட்டில் இருக்கும் அவன் வீட்டு மாடிக்குப் போய்விடுவேன். நமக்கு அதில் என்ன தெரியும்? டார்ச் பிடிக்கத் தெரியும். ஆனால் மனுஷன் வேலை செய்வதைப் பார்க்க நன்றாக இருந்தது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவான். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது என்பான்.

திங்கட்கிழமை சாஃப்ட்வேர் மவுண்டோடு பேசவே இல்லை. கேபிளை மாற்றினான், இல்லை. கடைசியில் பார்த்தால், கேபிளின் கன்வர்ட்டரை லேப்டாப்பில் வேறு ஓட்டையில் சொருகியிருக்கிறான். ஓட்டை மாறினால் கம்ப்யூட்டர் அதற்கு வேறு நம்பர் கொடுத்துவிடுமாம். சாஃப்ட்வேர் பழைய நம்பரிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சரியான ஓட்டையைச் சுற்றி நெயில் பாலிஷ் பூசினான்.

அடுத்த நாள் பேசியது. ஆனால் திரையில் நட்சத்திரத்தின் விலகலைக் காட்டும் இரண்டு கோடுகளில் ஒன்று ரம்பப் பல்லாகக் குதித்தது. வடக்கு தெற்குக் கோடு ஒழுங்காகப் போக, கிழக்கு மேற்குக் கோடு மட்டும் மேலே கீழே, மேலே கீழே. சாஃப்ட்வேர் ரொம்ப முரட்டுத்தனமாகத் திருத்துகிறதோ என்று திருத்துகிற அளவைக் குறைத்தான். குதிப்பு மெதுவாக ஆனது, நிற்கவில்லை. புதன்கிழமை கேமராவை ஒரு விநாடிக்குப் பதில் மூன்று விநாடி பார்க்கவிட்டான். காற்றின் நடுக்கத்தை நட்சத்திரத்தின் நடுக்கம் என்று நினைத்து அது துரத்துகிறதாம். கொஞ்சம் தேவலை. முட்டை கோழி முட்டையிலிருந்து காடை முட்டை ஆயிற்று, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை என் தூண் மேல் சந்தேகம் வந்துவிட்டது அவனுக்கு.

"ஹைவேல லாரி போற அதிர்வு தூணு வழியா ஏறுதோண்ணா?"

"ஹைவே எங்க, உன் வூடு எங்கடா? என் வெல்டிங்க கொற சொன்னா கீழ எறங்கிப் போயிடுவேன்."

"கொற சொல்லலண்ணா. சந்தேகத்த முடிச்சிட்டுப் போயிடலாமேன்னு."

திட்டிக்கொண்டே தூணுக்குள் மணல் கொட்டிக் கொடுத்தேன். கோடு அப்படியேதான் குதித்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியே காட்டவில்லை. வெள்ளிக்கிழமை மேகம். அவன் மாடியிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பார்த்தான். பிறகு டெலஸ்கோப்பை எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கிறதா என்று விட்டு விட்டுப் பார்த்தான். ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் கம்பியில் எடைக்குண்டு. விரலால் தட்டினால் நகரும், விட்டால் விட்ட இடத்தில் நிற்கும்.

"இது ஒண்ணுதாண்ணா இதுல பர்பெக்ட். இத மட்டும் சந்தேகப்பட வேண்டியதில்ல," என்றான்.

சனிக்கிழமை மேகம் விலகிவிட்டது. ஏழரைக்கு வழக்கமான பவர்கட். தெருவிளக்கு, வீட்டு விளக்கு எல்லாம் போய், கிழக்கே மிருகசீரிடம் பளிச்சென்று நின்றது. படம் எடுக்க இதைவிட நல்ல இருட்டு கிடையாது. மவுண்டுக்குத் தனியாகக் கார் பேட்டரி உண்டு. ஆனால் லேப்டாப் இப்போது தன் பேட்டரியில் ஓடுகிறது, அதுவோ கிழட்டுப் பேட்டரி. அந்த நேரம் பார்த்து போன். பெங்களூர்க்காரர்.

"ஆமா சார்... காலையில கெளம்பிடுங்க... ஆமா, பெரிய கார்ல வாங்க, கனமா இருக்கும்," என்று பேசிவிட்டு வைத்தான். கோடு குதித்துக்கொண்டே இருந்தது.

"வரச் சொல்லிட்டியேப்பா?"

"வரட்டும்ணா. பேட்டரி இன்னும் இருக்குல்ல."

மவுண்டின் அடி போல்ட்டு லூசாக இருக்குமோ என்று தூணோடு ஒட்டிக்கொண்டு குனிந்தான். ஜெர்கின் இடித்தது. கழற்றி, மாட்ட வேறு இடம் இல்லாமல், கிழக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த எடைக்கம்பியின் நுனியில் மாட்டினான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய் பூபதி, கோடு படுத்துக்கிச்சுடா."

"ஹேங் ஆயிருக்கும்ணா. தொடாதீங்க."

வந்து பார்த்தான். ஹேங் ஆகவில்லை. எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு கோடும் பாய் விரித்த மாதிரி கிடந்தன.

"எதண்ணா தொட்டீங்க?"

"பீடியத்தான் தொட்டேன்."

"அது இல்ல. எதாவது மாறியிருக்கணும். ஒண்ணு மாறியிருக்கணும்." சுற்றிப் பார்த்தான். அவன் கண் ஜெர்கினில் வந்து நின்றது. எழுந்து போய் அதை எடுத்தான். கோடு குதித்தது. மாட்டினான். கோடு படுத்தது. திரும்ப எடுத்தான், திரும்ப மாட்டினான். பிறகு டேங்குத் திண்டில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னாடா?"

"பேலன்ஸ் கெட்டாத்தான் ஓடுதுண்ணா."

சொல்லும்போது அவன் குரலில் சந்தோஷமே இல்லை. யாரோ அவனை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அது புரிந்தது. கேட் மாட்டுகிறவனுக்குப் புரியும். நட்டக்குத்தலாக, எந்தப் பக்கமும் சாயாமல் மாட்டிய கேட் தாழ்ப்பாளின் இடைவெளிக்குள் தடதடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் சாய்வு கொடுத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து சும்மா கிடக்கும். பல்சக்கரத்திலும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. இவன் அத்தனை சுத்தமாகப் பேலன்ஸ் செய்ததால் பல் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் மிதந்திருக்கிறது. சாஃப்ட்வேர் தட்டத் தட்ட இங்கும் அங்கும் மோதியிருக்கிறது. கிழக்கில் கொஞ்சம் கனம் இருந்தால் பல் எப்போதும் ஒரே பக்கம் ஒட்டி நிற்கும்.

"ஜெர்கினோடவே படத்த எடுத்துடேன்," என்றேன்.

"காத்துல ஆடும்ணா. குண்டைத்தான் தள்ளணும்."

ஜெர்கினை எடுத்துக் கீழே போட்டான். எடைக்குண்டின் திருகைத் தளர்த்தினான். அதற்குப் பிறகு அவன் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் பேலன்ஸ் இல்லாததைப் பேலன்ஸ் ஆக்கிச் சோறு தின்ற கை அது. பேலன்ஸில் இருப்பதைக் கெடு என்றால் சட்டென்று கேட்குமா?

"பேட்டரி, பூபதி."

பல்லைக் கடித்துக்கொண்டு குண்டை ஒரு விரற்கடை வெளியே தள்ளி முறுக்கினான். நட்சத்திரத்தைத் திரும்பப் பிடித்தான். கோடு படுத்தது. ஷட்டரைத் திறந்தான். நான் பீடியை அணைத்துவிட்டேன், நடக்கவில்லை, இருமல் வந்ததையும் விழுங்கினேன். மூன்று நிமிஷம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஷட்டர் மூடியது. பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்தது. அவன் நிமிர்வதற்குள் கரண்ட்டு வந்து, தெரு முழுக்க "ஏய்" என்று பிள்ளைகள் கத்தின. விளக்கு வெளிச்சத்தில் வானம் வெளுத்துவிட்டது.

ஒரே ஒரு படம்.

சரஸ்வதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தது. பிளக்கில் சொருகிய லேப்டாப்பில் படத்தைப் போட்டான். நடுவில் இளஞ்சிவப்பாக, ஊதுவத்திப் புகை நின்றுவிட்ட மாதிரி ஒரு மேகம். மழை மேகமில்லை, நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கிற வாயு மேகமாம். அந்த அம்மா மேகத்தைப் பார்க்கவே இல்லை. பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு என்று சொல்லி, மேல் மூலையில் ஆரம்பித்து வரிசையாக நட்சத்திரம் நட்சத்திரமாகப் பார்த்தது.

"இது முட்டை."

"அது ஓரம் சரசு. கண்ணாடி அப்படித்தான் காட்டும்."

"நான் கண்ணாடியக் கேக்கல. இதுவும் முட்டை. இது... கொஞ்சம் அமுங்கியிருக்கு." வரிசை நடுவுக்கு வந்தது. அந்த அம்மா திரையில் கட்டை விரல் நகத்தை வைத்து அளந்தது. நீளத்தில் ஒரு தடவை, அகலத்தில் ஒரு தடவை. அடுத்த நட்சத்திரத்துக்கும் அப்படியே.

"என்னம்மா, ரிஜெக்டா?" நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஒண்ணு வந்தா போதும்னுதானே சொன்னேன். இங்க பத்து பதினஞ்சு இருக்கு." பூபதி பக்கம் திரும்பியது. "காலை ஷிப்டு வாரத்துல ஒம்பதுக்கு மேல மாடியில ஆள் இருக்கக் கூடாது. தூக்கம் கொறஞ்சா தூணோட பேத்துடுவேன்."

"சரி."

"போனக் குடு."

அந்த அம்மாவே பெங்களூருக்குப் போட்டது, கன்னடத்தில். "சார், மவுண்ட் கொடோதில்லா. க்ஷமிஸி. ஆதரே நாளே பன்னி, ஊட்டா மாடிகொண்டு ஹோகி." மவுண்டைத் தருவதாக இல்லை, மன்னிச்சுக்குங்க, ஆனால் நாளைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று. அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தம் கேட்டது, பிறகு அடங்கியது. மறுநாள் அவர் வந்து கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, மவுண்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை பூபதி எடைக்கம்பியைக் கழற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். சென்டர் பஞ்ச் கேட்டான்.

"குண்ட அந்த எடத்துலயே வெல்டு வச்சிடட்டுமா?"

"வேணாம்ணா. டெலஸ்கோப்ப மறுபக்கம் திருப்புனா குழாய் கிழக்க வந்துடும், அப்ப குண்ட உள்ள தள்ளணும். ரெண்டு புள்ளி வேணும்."

அவனே அளந்து, கம்பியில் இரண்டு புள்ளி குத்தினான். இரண்டுக்கும் நடுவே, பர்பெக்ட் பேலன்ஸுக்காக அவன் முன்பு கீறியிருந்த மெல்லிய கோடு ஒன்று இருந்தது. அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்தான்.

"இது இருந்தா பழக்க தோசத்துல கை இங்கதாண்ணா வந்து நிக்கும்," என்றான். கம்பியை வைஸில் பிடித்து, அரத்தை எடுத்து அந்தக் கோட்டை ராவத் தொடங்கினான்.