பச்சைக்கு மேல் அடித்த வெள்ளை

எங்கள் வீட்டுப் பின்சுவர் வெயில் பார்க்காது. பின்னால் செம்பனைத் தோட்டம், ஒட்டினாற்போல் கால்வாய். முன்சுவரை வருஷத்துக்கு ஒரு தடவை கழுவினால் போதும். பின்சுவரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழுவியாக வேண்டும். எனக்கு இது இப்போதுதான் தெரியும். என் மனைவிக்கு எப்போதோ தெரியும்.

புக்கிட் ரோத்தானில் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் சுவரைக் கழுவியதே இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சாயம் அடிப்பேன், அவ்வளவுதான். கேரல் பாட சபை ஆட்கள் வருவார்கள். அவர்கள் கண்ணில் பாசி படக் கூடாது. டிசம்பர் என்றால் இங்கே மழை. ஈரச் சுவரில், பாசிக்கு மேலேயே வெள்ளையை இழுத்துவிடுவேன். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். பிப்ரவரியில் சாயம் கொப்புளித்துத் தோலாக உரியும். கடைக்காரன் மட்டச் சாயம் கொடுத்துவிட்டான் என்று திட்டுவேன்.

கழுவி, காயவிட்டு அடிக்கச் சொல்லி அவள் வருஷா வருஷம் சொன்னாள்.

"அடிக்கிறவன் நானா நீயா? வாய மூடு" என்றேன் ஒரு வருஷம். பிறகு அவள் சொல்லவில்லை.

எங்கள் படுக்கையறை அந்தச் சுவரை ஒட்டியது. ஈரம் உள்ளே இறங்கி, கட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை பிடித்தது. அவளுக்கு மூச்சிழுப்பு. அந்த அறையில் படுக்கப் படுக்க முற்றியது. வீட்டில் ஈரச் சுவர் இருக்கிறதா என்று கிளினிக் டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னேன். வெட்கம். வேறு காரணம் கிடையாது.

ஒரு நாள் மகள் வந்து கட்டிலை இழுத்துப் பார்த்தாள்.

"இதுலயா அம்மாவ படுக்க வச்சீங்க?"

அன்றைக்கே அம்மாவை ஷா ஆலாமில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள்.

அதன் பிறகு சுவரைச் சுரண்டினேன். ஒவ்வொரு வெள்ளைக்கும் கீழே ஒரு பச்சை இருந்தது. நான் கொண்டாடிய கிறிஸ்துமஸ் எல்லாம் அப்படியே அடுக்கடுக்காக. பிளீச் கலந்து தேய்த்தேன், கழுவினேன், வெயில் காலத்தில் காயவிட்டு அடித்தேன். உள்ளேயும் அப்படியே. முடித்ததும் அவளுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன்.

"மழ வந்து முடியட்டும்லா. அப்பப் பாத்துக்கலாம்."

மழை முடிந்ததும் அவளே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"பின்செவரு எப்படி இருக்கு?"

போனோடு பின்னால் போய்ப் பார்த்தேன். போன மாதம் கழுவியது. பெய்த மழையில் அதற்குள் அடியில் ஒரு முழ உயரத்துக்குப் பச்சை. வெள்ளையாக இருக்கிறது என்று சொன்னால் வந்துவிடுவாள்.

"பச்ச கட்டியிருக்கு" என்றேன்.

"அப்ப நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

பிரஷ்ஷை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தேன்.