அண்ணனுக்கு அண்ணனான இருளப்பன்

இருளப்பன் பிறந்தது 1931இல். இதில் அவருக்கோ அவரைத் தெரிந்தவர்களுக்கோ சந்தேகம் இருந்ததே இல்லை. ஜப்பான்காரன் வந்தபோது பத்து வயதுப் பையனாக, மலாயாவில் பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர். சண்டை முடிந்ததும் குடும்பம் கேமரன் மலைக்குத் தேயிலை வேலைக்கு ஏறி வந்தது.

1948இல் எல்லோரும் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தோட்டத்து ஆபீஸ் முன்னால் பெரிய வரிசை. அப்போதிருந்த கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, தலை நிமிராமல் கேட்டார்.

"வயசு?"

"பதினேழுங்க."

கிராணி பதினேழு என்றுதான் எழுதினார். ஆனால் வயதுக்கான கட்டத்தில் எழுதாமல், பிறந்த வருடத்துக்கான கட்டத்தில் எழுதிவிட்டார். 1917இல் பிறந்தவராகக் கார்டு வந்தது. படித்துப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. கார்டு தகரப் பெட்டிக்குள் போய் முப்பது வருடம் படுத்துக் கிடந்தது.

அந்த முப்பது வருடத்தில் இருளப்பன் லாரி ஓட்டக் கற்றார், வேலாயியைக் கட்டினார், தோட்டத்தின் தேயிலைப் பெட்டிகளையெல்லாம் தாப்பாவுக்கு இறக்கும் டிரைவரானார். வழியில் ரிங்லெட் ஊருக்குக் கீழே உள்ள வளைவுகளில் பனி மூடிக் கிடக்கும்போதுகூட அவர் லாரி ஒரு தடவையும் உரசியதில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கும் வேலை அவருக்குத் தெரியாது. வருடா வருடம், பிறகு வந்த சாம்பசிவம் கிராணி மற்ற டிரைவர்களின் காகிதத்தோடு சேர்த்து அனுப்பிவிடுவார். முத்திரை குத்தி வந்துவிடும்.

1978இல் எல்லோருடையதும் வந்தது, இருளப்பனுடையது மட்டும் வரவில்லை. 'உரியவர் நேரில் வரவும்' என்று ஒரு துண்டுக் கடிதம் வந்தது.

நேரில் போவது லேசான காரியமா? மலையிலிருந்து இறங்க இருந்தது தாப்பா ரோடு ஒன்றுதான். தாப்பா இருப்பது பேராக் மாநிலத்தில். மலையும் லைசென்ஸ் ஆபீஸும் பகாங் மாநிலத்தில். சொந்த மாநிலத்து ஆபீஸுக்குப் போக, பேராக்கில் இறங்கி, சிலாங்கூரைச் சுற்றி, மூன்று பஸ் மாறி மறுபடி பகாங்குக்குள் நுழைய வேண்டும். இருளப்பன் விடியற்காலையில் கிளம்பி, இடையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தங்கி, மறுநாள் காலை கவுண்டர் முன்னால் நின்றார். கவுண்டரில் மஜீதா என்ற தமிழ் முஸ்லிம் பெண் உட்கார்ந்திருந்தார். பேச்சு தமிழிலேயே நடந்ததில் இருளப்பனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அது நிலைக்கவில்லை.

"ஐயா, உங்களுக்கு அறுபத்தொண்ணு ஆச்சு. அறுபது தாண்டிட்டா லாரி லைசென்ஸுக்கு டாக்டர் லெட்டர் வேணும்."

"யாருக்கு அறுபத்தொண்ணு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு நாப்பத்தேழும்மா! என் மூஞ்சியப் பாருங்கலா."

மஜீதா உண்மையாகவே பார்த்தார். "பாத்தா தெரியல ஐயா. ஆனா மூஞ்சிய ஃபாரத்துல எழுத முடியாது. கார்டுல உள்ளதத்தான் எழுதணும். கார்டு தப்புன்னா அத மொதல்ல திருத்திக்கிட்டு வாங்க."

மூன்று பஸ் மாறித் திரும்பி வந்தார்.

கார்டைத் திருத்தும் ஆபீஸில் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அவர் பீடோருக்குப் போனார். பழைய தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றிருந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டதற்கு, காவல் நின்ற ஜாகா ஒரு பப்பாளித் தோப்பைக் காட்டினான். காகிதமெல்லாம் ஜப்பான்காரன் காலத்திலேயே எரிந்துபோனதாம்.

காகிதம் இல்லையென்றால், பிறந்ததை நேரில் அறிந்த மூத்தவர் யாராவது சத்தியம் செய்து சொல்லலாம் என்றார்கள். அதற்கு ஆள் கைவசம் இருந்தது. கூடப்பிறந்த அண்ணன் நல்லுசாமி, மூன்று வயது மூத்தவர், தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் மிஷின் பார்க்கிறவர். லீவு போட்டுவிட்டுத் தம்பியோடு வந்தார். அதிகாரி இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நல்லுசாமியின் கார்டில் கிராணி சரியாகவே எழுதியிருந்தார்: 1928.

"அப்படின்னா நீங்க தம்பி" என்றார் அதிகாரி மலாயில்.

"இல்ல துவான், நான்தான் அண்ணன். இவன இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவன் நான்."

"இவர் பிறந்து பதினோரு வருஷம் கழிச்சு நீங்க பிறந்திருக்கீங்க. இவரை எப்படித் தூக்கியிருப்பீங்க?"

"கார்டு தப்பு துவான். அதச் சொல்லத்தானே வந்திருக்கோம்!"

"கார்டு தப்புன்னு சொல்ல, இவரைவிட வயசு கூடின சாட்சி வேணும். கார்டுப்படி நீங்க கூடினவர் இல்ல."

நல்லுசாமிக்கு வெளியே வரும்வரைதான் கோபம் இருந்தது. பஸ்ஸில் ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் ஓரத்துச் சீட்டைக் காட்டி, "நீங்க உக்காருங்கண்ணே" என்றார் தம்பியிடம். இருளப்பன் ரிங்லெட் வரும்வரை நின்றுகொண்டே வந்தார்.

1917க்கு முன்னால் பிறந்து, அவர் பிறப்பையும் அறிந்த ஒருவரும் மலையில் உயிரோடு இல்லை. லைசென்ஸ் காலாவதியாகி ஐந்து வாரம் ஆகியிருந்தது. லாரியை ஓட்ட ரிங்லெட்டிலிருந்து ஸுல்கிஃப்லி என்ற டிரைவரைத் தோட்டம் அமர்த்தியிருந்தது. வழி காட்ட இருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்து போனார். ஒவ்வொரு வளைவிலும், இல்லாத பிரேக்கை அவருடைய வலது கால் மிதித்தது. மாலையில் தொடை வலிக்க வீட்டுக்கு வந்தால், லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் "தாத்தா வந்துட்டாரு" என்றார்கள். வேலாயியும் சேர்ந்துகொண்டாள்.

"எனக்கு நாப்பத்தி ரெண்டு. கெழவனுக்கா என்னக் கட்டி வச்சாங்க?"

"நீயுமா?" என்றார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். வேலாயி அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் டாக்டர் லெட்டருக்கே போனார். தன் உண்மை வயதைத் தப்பென்று ஒப்புக்கொள்வது போல இருந்தது அவருக்கு. டாக்டர் கண்ணைப் பார்த்தார், முட்டியைத் தட்டினார், மூச்சை இழுத்து விடச் சொன்னார்.

"அறுபத்தொரு வயசுக்கு இது அபாரமான உடம்பு. என்ன சாப்பிடுறீங்க?"

"நாப்பத்தேழு வயசுக்காரன் சாப்பிடுறதத்தான்" என்றார் இருளப்பன். டாக்டர் சிரித்தார். இருளப்பன் சிரிக்கவில்லை.

லைசென்ஸ் கிடைத்தது, ஒரு வருடத்துக்கு. மறு வருடம் மறுபடி டாக்டர், மறுபடி மூன்று பஸ். நான்கு வருடம் இப்படி ஓடியது. 1982இல் மஜீதா அவருடைய காகிதத்தை வாங்கி, வயதை இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"அறுபத்தஞ்சு ஆயிடுச்சு ஐயா. இனிமே லாரி லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது. காருக்கு மட்டும் தரலாம்."

அப்போது அவருக்கு உண்மையில் ஐம்பத்தொன்று. தோட்டத்து மேனேஜர் சிபாரிசுக் கடிதம் எழுதிப் பார்த்தார். சாம்பசிவம் கிராணி, தனக்கு முன்னால் இருந்தவர் செய்த தப்புக்காக இரண்டு தடவை நேரில் போய்ப் பார்த்தார். விதி விதிதான் என்று பதில் வந்தது. லாரிச் சாவியைக் கொடுத்த அன்று இருளப்பன் ஒன்றே ஒன்று சொன்னார்: "பதினாலு வருஷத்த ஒருத்தன் பேனாவால தின்னுட்டான் கிராணி. அவன் பேரு கூட எனக்குத் தெரியாது."

அதன்பின் ஃபேக்டரியில் நல்லுசாமிக்குக் கீழே வேலை. இலைத் தூசி மூக்கில் ஏறி, வருடம் முழுக்கத் தும்மினார். 1985இல் ரிங்லெட்டில் ஒரு காய்கறிக்காரரிடமிருந்து பழைய மோரிஸ் காரை வாங்கி, கார் லைசென்ஸும் எடுத்தார். லயத்துப் பெண்களுக்குப் பிரசவ வலி எடுத்தால், காய்ச்சலில் பிள்ளை துவண்டால், மலை மேலேயே உள்ள தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அவர் கார்தான். ஓட்டும்போது மட்டும் முகத்தில் பழைய களை வந்துவிடும்.

1986இல் கார் லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. இனி தானா ராத்தா தபால் ஆபீஸிலேயே செய்துகொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். அவர் நம்பவில்லை. அடையாளக் கார்டு, பழைய டாக்டர் லெட்டர்கள், மேனேஜர் கடிதத்தின் நகல் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு வேலாயியோடு போனார். கவுண்டரில் இருந்தவர் லைசென்ஸை வாங்கினார், டக்கென்று முத்திரை குத்தினார், திருப்பித் தந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் பக்சிக்" என்றார் அவர், மலாயில் மாமா என்று முறை வைத்து.

"வயசு பாக்கலையா?"

"எதுக்கு?"

இருளப்பன் பையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். எட்டு வருடமாக அவர் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த பதில்களைக் கேட்க ஆளில்லை. பின்னால் நின்ற பெண், தபால்தலை வாங்க வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்றாள்.

காரில் காத்திருந்த வேலாயி கேட்டாள். "என்ன, குடுத்துட்டானா?"

"குடுத்துட்டான்" என்றார் எரிச்சலோடு. கதவு முதல் தடவையில் சாத்திக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை ஓங்கிச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.