நாலு சில்லும் இழுக்கும் வண்டி

1997 ஜனவரி 18, சனிக்கிழமை, காலை பத்தரை மணி. விடாத மழை. இத்தாலியின் பலேர்மோ நகரைச் சுற்றிய மலைகளின் உச்சியில் வெண்பனி.

அன்று மகனுக்குக் கலியாணம். முகூர்த்தம் 11.05 முதல் 12.10 வரை. அவன் விடியவே மண்டபத்துக்குப் போய்விட்டான். மனைவியும் மகளும் எட்டரைக்குப் போனார்கள். தாலிக்கொடி வைத்த பெட்டி மட்டும் என்னிடம் இருந்தது. அதை வேறொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். அதற்குள் தாலியோடு வாசல் தாண்டக்கூடாது. ஆகவே என்னைக் கூட்டிப்போக நின்ற மருமகனும் நானும் சியாகுல்லி என்ற இடத்தில், மந்தரின் தோடம்பழத் தோட்டத்து வீட்டில் மழையைப் பார்த்தபடி இருந்தோம்.

மருமகனுக்கு அந்தத் தோட்டத்தில்தான் வேலை. மலைப்பனியில் போக முதலாளி வைத்திருந்த ஜீப்பைக் கலியாணத்துக்கென்று தந்திருந்தார். நாலு சில்லும் இழுக்கும் வண்டி; எந்தச் சக்கரமும் சும்மா உருளாது. பனியில் ஓட்டவும் அவரே பழக்கியிருந்தார்: சில்லு வழுக்கினால் பெடலிலிருந்து காலை எடு, பதறாதே. தண்ணீரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

ரயில் பாதைக்குக் கீழே இறங்கி ஏறும் சாலையில் மழைநீர் குளமாகத் தேங்கியிருந்தது. கார்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

"தம்பி, வேறை ரோட்டு இல்லையோ?"

"சுத்திப் போனால் ஒரு மணித்தியாலம் மாமா. இது ஜீப். போகும்."

போனது. பாதித் தூரம் நன்றாகவே போனது. தண்ணீர் முன்விளக்குகளை மூடியதும் சில்லுகள் ஒருமுறை நழுவின. மருமகன் பனியில் பழகியபடி காலை எடுத்துவிட்டார். எஞ்சின் இருமி நின்றது.

"இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணும்."

ஆறு தரம் திருகினார். ஆறாவது தரம் உள்ளே இரும்பு உடைந்ததுபோல ஒரு சத்தம். அதன்பிறகு ஒன்றுமில்லை. கதவிடுக்கால் வந்த தண்ணீர் என் செருப்பை மிதக்கவிட்டது. ஆசனத்தையும் தொட்டது. பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

"உங்கடை ராகுகாலம் முடிஞ்சுது மாமா. எங்கடை காலம் இப்பதான் தொடங்குது."

"பகிடி விடுற நேரமே இது? மணி பதினொண்டு பத்து!"

"என்ரை முதுகிலை ஏறுங்கோ." யன்னலால் தண்ணீரில் இறங்கி நின்றபடி சொன்னார்.

"ரெண்டு பேரும் விழுந்தால்? தாலி?"

நீந்தத் தெரியாது எனக்கு. அறுபத்தெட்டு வயது. அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கேட்க முன்னரே பெட்டியை நீட்டினேன். அந்தக் காலைப்பொழுது முழுதும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததை யன்னல் வழியாகக் கொடுத்தேன். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில், ஒவ்வொரு அடியாகக் காலால் நிலத்தைத் தடவிப் போனார். அக்கரையில் காய்கறி ஏற்றிய மூன்று சில்லு வண்டி ஒன்று அவரை ஏற்றிக்கொண்டது. வளைவு வரை பார்த்தேன்.

பிறகு செய்ய எனக்கு எதுவும் இருக்கவில்லை. ஆசனத்தின் முதுகில் ஏறிக் குந்தியிருந்தேன். பக்கத்து மாடியிலிருந்து ஒரு சிஞ்ஞோரா, அந்த ஊர்ப் பெண்மணி, கத்தினாள்.

"தாத்தா! இந்த உடுப்போடு எங்கே?"

"கலியாணத்துக்கு!"

"யாருக்கு? உனக்கா? பெண் ஓடிவிடப்போகிறாள், நீந்து!"

அவளே தீயணைப்புக்காரரை அழைத்ததாகப் பின்னால் அறிந்தேன். அவர்கள் உடனே வரவில்லை. தேவாலயத்தில் பன்னிரண்டு மணி அடித்தது. பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு பத்து. சரியாக அந்த நேரத்தில் பட்டுச் சால்வையைப் பிழிந்துகொண்டிருந்தேன். தாலி போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அங்கே யாருமில்லை.

ஒன்றேகாலுக்குத்தான் தீயணைப்புக்காரர் வந்து என்னைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு நாலுக்குத் தாலி ஏறியதாம். வீடியோவில் என் இடத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட மருமகன் நிற்கிறார். ஐயர் அவரைப் பார்த்துப் பார்த்து மந்திரம் சொல்கிறார். மகன் காலில் விழுந்ததும் அவருடைய காலில்தான்.

முதலாளி கோபிக்கவில்லை. தண்ணீர் குடித்த எஞ்சினைத் திருப்பித் திருப்பி முடுக்கினால் உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்துபோகும் என்று மட்டும் சொல்லி, கராஜ்காரனின் கணக்குத் துண்டை என்னிடம் தந்தார். முப்பத்தெட்டு லட்சத்து எழுபதாயிரம் லீரா.