சூலத்தில் முடிந்த காசு

ஓசூரில் கல்லாவி பெரியதம்பியின் பட்டறை எது என்று கேட்டால் ஆட்டோக்காரர்கூட வழி சொல்வார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாடகை லேத் ஒன்றில் ஆரம்பித்து, சிப்காட்டில் சொந்தக் கட்டடம் கட்டியவன். ஆள் எடுப்பதில் என் கண் தப்பாது. பொற்கொடியை எடுத்ததும் அந்தக் கண்தான்.

திண்டுக்கல் பக்கத்துப் பெண். பட்டறையில் செய்து முடித்த உருப்படிகளை அளந்து பார்ப்பது அவள் வேலை. அதிகம் பேச மாட்டாள். புது மெஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் ஊர் திரும்பும்போது அவளிடம் ஒரு பழைய ஜி.பி.எஸ். கருவியையும் நம்பர் பொறித்த செப்புக் காசு ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு பிடித்தது அந்தப் பைத்தியம். ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் பாறை இடுக்கில் டப்பாவை ஒளித்து, இடத்தை இன்டர்நெட்டில் போடுவார். மற்றவர்கள் கருவியை வைத்துத் தேடிப் போவார்கள். சில டப்பாக்களில் நம்பர் போட்ட காசு இருக்கும். எடுத்தவர் நம்பரைப் பதிந்துவிட்டு, காசை அடுத்த டப்பாவுக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. பொற்கொடி அப்படி எத்தனையோ காசுகளைக் கை மாற்றியிருக்கிறாள். ஜெர்மன்காரர் கொடுத்ததை மட்டும் வழியனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை, கைப்பையிலேயே வைத்திருந்தாள்.

இரண்டாயிரத்து ஏழு, மாசி மாதம். அந்த ஜெர்மன்காரரின் மகள் அனுப்பிய அதே மாதிரிச் செப்புக் காசு ஒன்று பல கை மாறி, பேரிகை கிராமத்துக்கு அந்தப் பக்கம் முனீஸ்வரன் பாறையில் இருக்கும் டப்பாவுக்கு வந்திருந்தது. கன்னியாகுமரிக் கடலைத் தொட வேண்டும் என்பது அந்தக் குழந்தை அதற்கு வைத்த வேலை. கன்னியாகுமரி போகிற அவளுடைய ஜியோகேச்சிங் கூட்டாளிகள் சிலர் திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து கிளம்புகிறார்கள். அதற்குள் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஞாயிறன்று தனியாகப் பஸ் ஏறிவிட்டாள்.

மதியம் எனக்குப் போன் வந்தது. "அய்யா, முனீஸ்வரன் பாறையில என்னையப் பிடிச்சு உக்கார வச்சிருக்காங்க. புதையல் எடுக்க வந்தவளாம்…" அதோடு கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், கிடைக்கவில்லை. டிரைவருக்குக் காத்திராமல் ஜீப்பை நானே எடுத்தேன்.

பாறைக்குக் கீழே கூட்டம். நடுவில் பொற்கொடி தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பு கிழிந்திருந்தது. சுற்றிலும் கல்குவாரி ஆட்கள், சிலர் கையில் கடப்பாரை. போன மாதம்தான் யாரோ புதையலுக்காக அங்கிருந்த நடுகல்லைத் தோண்டிச் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் கங்கப்பன் அவளுடைய கருவியைப் பிடித்திருந்தார். அது கீச்சிடும்போதெல்லாம் கூட்டம் ஓரடி நெருங்கியது.

நடந்தது இதுதான். அவள் போனபோது டப்பா காலி. கீழே முனீஸ்வரன் சூலத்தில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு, அதில் அந்தக் காசின் விளிம்பு தெரிந்திருக்கிறது. கையை வைத்துவிட்டாள். அது வெங்கடம்மாள் என்ற அம்மாள் போட்ட முடிச்சு. காணாமல் போன சினை மாட்டைத் தேடி வந்தவர், பாறை இடுக்கு டப்பாவில் கிடைத்த காசைச் சாமி கொடுத்ததாக நினைத்து நேர்ந்து கட்டியிருக்கிறார். மாடு வரும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாது.

அந்தப் பக்கத்தில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார்கள். நான் தெலுங்கில் என் பேரையும் பட்டறையையும் சொன்னேன். என் குரலுக்குக் கூட்டம் விலகாமல் இருந்ததே இல்லை. அன்றும் விலகியது. கங்கப்பன் மட்டும் நகரவில்லை.

"உங்க ஆளுன்னா கூட்டினு போங்க. காசும் மெஷினும் இங்கியே கெடக்கட்டும்."

அதுவே பெரிது என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். எழுந்திருக்கவில்லை.

"காசு இல்லாம வரமாட்டேங்கய்யா."

பின்னால் கடப்பாரை ஒன்று கல்லில் உரசியது. நான் ஜீப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் கூட்டத்தில் நின்ற வெங்கடம்மாளைப் பார்த்துக் கேட்டாள்.

"திருப்பதி போறவங்க கிட்ட உண்டியல்ல போடச் சொல்லிக் காசு குடுத்து விடுவீங்களாம்மா?"

"குடுப்போம். அதுக்கின்னா?"

"நடுவழியில ஒருத்தர் அத எடுத்து வேற கோயில்ல போட்டுட்டா?"

அம்மாள் சூலத்து முடிச்சைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுவும் அப்படிக் குடுத்துவிட்ட காசுதான். உண்டியலுக்கு இல்ல, கன்னியாகுமரிக் கடலுக்கு. ஒரு சின்னப் பிள்ளை அனுப்பினது. வாங்கினவங்க யாருமே வச்சுக்கல."

வெங்கடம்மாள் சூலத்தருகே போனார். "அப்ப ஊராமூட்டுக் காசையா நான் என் சாமிக்கு முடிஞ்சேன்?"

முடிச்சை அவிழ்க்கக் கை நீட்டியவரைக் கங்கப்பன் தடுத்தார். நேர்ந்தபின் சூலம் வெறுமையாக நிற்கக் கூடாது என்றார். நான் சட்டைப் பையில் கையை விட்டேன். அம்மாள் தலையாட்டினார், அதே மாதிரிக் காசுதான் வேண்டும், சாமி பார்த்தது அதைத்தான் என்றார்.

பொற்கொடி கைப்பையைத் திறந்தாள். செப்புக் காசை எடுத்துச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு நீட்டினாள்.

"இது என்னோடது. இதுக்குப் போற ஊருன்னு ஒண்ணும் இல்ல."

வெங்கடம்மாள் தன் கையாலேயே ஒன்றை அவிழ்த்து மற்றதை முடிந்தார். கங்கப்பன் கருவியைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

அவளை ஜீப்பில் ஓசூருக்குக் கூட்டி வந்தேன். மறுநாள் அந்தக் குழந்தையின் காசு தெற்கே கிளம்பியது. அன்று சாயங்காலம் பட்டறைக் கம்ப்யூட்டரில் தன் செப்புக் காசின் நம்பரை முதல் தடவையாகப் பதிந்தாள். இருக்கும் இடம்: முனீஸ்வரன் சூலம், பேரிகை. அந்தக் கம்ப்யூட்டரும் நான் வாங்கிப் போட்டதுதான்.