பாறையில் நான் நடத்தாத போராட்டம்

மத்தியானம் சோறு விளம்பி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் நான் வீட்டை விட்டு இறங்கிவிடுவேன். எங்கள் மரச்சீனிக் கிழங்கு நட்ட விளையின் ஓரத்தில், குன்னத்துகால் போகும் பாதையைப் பார்த்து ஒரு பாறை உண்டு. அயனி மரத்து நிழல் அதன்மேல் விழும். அதில் போய் இருப்பேன். ஜெபம் இல்லை, தூக்கம் இல்லை, யாரோடும் பேச்சில்லை. சும்மா இருப்பேன். அது கிட்டாத நாளில் தலைக்குள் சந்தை கூடிவிடும். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழும். பெற்ற மகளை ஆட்டின் பேர் சொல்லி விளிப்பேன். இருந்துவிட்டு வந்தால் நான் ராணியாக்கும். எங்கள் பக்கத்தில் சும்மா இருக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் என்றாலும் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எங்கள் ஊர் தமிழோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா என்று எல்லாரும் கொதித்துக் கிடந்த காலம். ஒருநாள் தமிழ்ப் பக்கத்து ஊர்வலம் அந்த வழி வந்தது. முன்னால் கொடி பிடித்தவர் எங்களுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை.

"தங்கச்சி, சத்தியாகிரகமா?"

பாறையில் இருக்கும்போது கெட்டினவருக்கே வாய் திறக்கமாட்டேன், பிறகல்லவா இவருக்கு.

"பாத்தியளா, மௌன விரதம்! இவளாக்கும் தமிழச்சி!" என்று கொடியை என் வலப்பக்கம் மண்ணில் குத்திவிட்டுப் போனார்.

மறுநாள் மலையாளப் பக்கத்து வாத்தியார் ஆளோடு வந்தார்.

"சேச்சி ஜனிச்சது நெய்யாற்றின்கரையிலல்லே? அப்போ ஈ சமரம் ஞங்ஙளுடேதாணு!"

நான் பிறந்த ஊரைச் சொல்லி, இந்தப் போராட்டமே அவர்களுடையது என்று அவர் கொடியை இடப்பக்கம் குத்தினார். நடுவில் நான், உற்சவத்துக்கு நிறுத்தின ஆனைபோல.

பிறகு தினமும் கூட்டம்தான். நான் உண்ணாவிரதம் என்று அவர்களே தீர்மானித்து, பட்டினியை முடித்துவைக்க நாரங்கா பிழிந்த தண்ணீர் கொண்டுவந்தார்கள். வயிறு நிறைய மரச்சீனியும் மீன்கறியும் தின்றுவிட்டு வந்திருந்த எனக்குப் பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது. "வெறும் வயித்துக் காத்து, பாவம்" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

பொறுக்கமுடியாமல் சொல்லியேவிட்டேன்: "என்னைச் சும்மா இருக்க விடுங்க!"

அவ்வளவுதான். "சும்மா இருக்க விடு!" என்று ஒரு கூட்டம் கோஷம் போட, "வெறுதே இருக்கான் விடு!" என்று மற்ற கூட்டம் அதைவிடச் சத்தமாகப் போட்டது. விளைப்பக்கமே வராத என் வீட்டுக்காரரும் பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் இருந்தார். "எல்லாரும் பாக்குதாவ, ஒழுங்கா இரி பிள்ளே" என்று எனக்கே புத்தி சொன்னார்.

அன்று எந்தக் கொடி உயரம் என்று இரண்டு பக்கமும் அடிபிடி. நான் மெல்ல எழும்பி வீட்டுக்கு நடந்தேன். யாரும் காணவில்லை.

வீட்டில் ஓர் ஆள் இல்லை. ஓயாமல் எதையாவது கேட்டு வரும் அயல்வீட்டுக்காரியும் பாறையில்தான். அடுக்களையில் பலகையைப் போட்டு இருந்தேன். அப்படியொரு அமைதி அந்தப் பாறையில்கூட எனக்குக் கிட்டியதில்லை.

பொழுது சாயத்தான் வீட்டுக்காரர் வந்தார், தொண்டை கட்டிப்போய்.

"நீ எப்பம் எழும்பி வந்தே?"

"சமரம் எப்படி உண்டு?"

"நல்லா நடக்கு. நாளைக்கும் போவணும்."

"போங்க. பிள்ளையளையும் கூட்டிக்கிடுங்க. நான் சோறு நேரத்தே வச்சுத் தாறேன்."