ஐந்து அலாரம் அடித்த படம்

ஞாயிற்றுக்கிழமை டிவியைத் துடைப்பது அவள் வேலை. கணவரின் கிழிந்த பனியனை நனைத்து, ஒட்டப் பிழிந்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைப்பாள். அன்றைக்கு ஒரு முறை துடைத்தவள் தள்ளி நின்று பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தாள்.

"போதும் விடு. தேய்க்கிற தேய்ப்புல உள்ள இருக்கறவனுக்கெல்லாம் வலிக்கப் போகுது" என்றார் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறானால் லுங்கியும் கையுமாக அந்த ஒரு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் பிரிவில் பத்தொன்பது வருட வேலை. எட்டுக் கட்டில், எட்டு மெஷின், சுவரில் ஒரே ஒரு டிவி. ஒரு கையில் இரண்டு ஊசியோடு நாலு மணி நேரம் படுத்திருப்பவர்கள் கூரையையும் மின்விசிறியையும் எத்தனை நாளைக்குத்தான் பார்ப்பார்கள்? அதில்தான் படம் போட ஆரம்பித்தாள். எதையோ ஒன்றைப் போட்டுவிட முடியாது. மூன்று மணி நேரம் தாண்டினால் பலருக்குக் கால் சுண்டி இழுக்கும். அப்போது திரையில் அம்மா செத்தாலும் அழ மாட்டார்கள். அதனால் அழவேண்டிய இடம் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும்.

படத்தின் பேர் அவளுக்கு ஒரு நாளும் நினைவிருக்காது. "தையல்காரி தன் மூணு தம்பிங்களையும் படிக்க வைப்பாளே, அது." "புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வீட்ல லெட்டர் எழுதிக்குவாங்களே, அது." யாருக்கு எது என்று அவளுக்குத் தெரியும். 'படம் டாக்டர்' என்றே பேராகிவிட்டது.

"டாக்டரம்மா, இன்னைக்கு என்ன மருந்து?" என்பார் மூன்றாம் கட்டில் தபால்காரர்.

"அப்பா மகள். கண்ணைத் துடைக்கணும்னா ஊசியில்லாத கையால துடைங்க. சொல்லிட்டேன்."

சொல்லி என்ன பயன்? வலது கைப் பழக்கம் விடுமா. ஊசி குத்திய கையை மடக்கிக் கண்ணுக்குக் கொண்டுபோவார்கள்; குழாய் மடங்கும்; மெஷின் கீச்சென்று கத்தும். அவள் ஓடிப்போய் கையை நீட்டிவிட்டு அலாரத்தை அணைப்பாள். ஒரு படம் நல்ல படமா இல்லையா என்பதற்கு அவளிடம் வேறு அளவுகோல் இல்லை. அலாரமே அடிக்காத படத்தை அவள் இரண்டாவது முறை போட்டதில்லை.

அந்த அப்பா மகள் படத்துக்கு ஐந்து மெஷின் கத்தியது. லாரி ஓட்டும் அப்பன், கோபித்துக்கொண்டு போன மகளின் விடுதி வாசலுக்கு வாரா வாரம் வருவான். உள்ளே போகாமல், லாரியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் போவான். அதோடு சரி, ஒரு வசனம் கிடையாது. அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். இதை வீட்டில் போட வேண்டும்.

வீட்டில் ஏழு மாதமாக அப்பாவும் மகளும் பேச்சில்லை. மேலதிகாரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவர் வாங்கிக் கொடுத்த ஆபீஸ் வேலையை மகள் மூன்றே வாரத்தில் விட்டுவிட்டாள். இப்போது வேறு ஊரில், செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. புதன்கிழமை காலை வண்டி. இரண்டு வருடம். மகள் கிளம்புவதற்குள் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும், இவளுக்கு அவ்வளவுதான். அவர் வாயில் வந்ததோ, "சொந்தக் கால்ல நிக்கத் தெரியல, ஊருக்குக் கால் செய்யப் போறாளாம்" என்பது. அதையும் மகளிடம் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

இவளே நேரே சொல்லிவிடலாமே என்றால், இவளுக்கு அது வராது. நேரே சொல்ல வராததையெல்லாம் படமாகத்தான் சொல்லுவாள். ஒரு முறை, தங்கையோடு பேச்சை நிறுத்தியிருந்த நாத்தனாரிடம், "அக்காதங்கச்சி படம் ஒண்ணு இருக்கு, பாருங்களேன்" என்று சொல்லப்போக, "என்னைத்தானே குத்திக்காட்டற?" என்று எழுந்து போனவள் இரண்டு வருடமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு ஆளுக்கொரு டம்ளர் டீ கொடுத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படத்தைப் போட்டாள். அவர் நாற்காலியில், மகள் தரையில் சுவரோரம், இவள் நடுவில். ஏழு மாதமாக இவள் உட்காரும் இடம் அதுதான்.

இருபது நிமிஷம் ஆகியிருக்காது. "அந்த லாரிக்கு பிரேக் லைட்டே எரியல. எவன் விட்டான் இவனை ரோட்ல?" என்றார் அவர்.

"அம்மா, அது படம்னு சொல்லு அவர்கிட்ட."

"படம்னா பிரேக் வேண்டாமான்னு கேளு."

"சும்மா பாருங்களேன் ரெண்டு பேரும்" என்றாள்.

வாசல் காட்சி வந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம், கைகளைத்தான் பார்த்தாள். மகளின் கை போனைத் தடவிக்கொண்டிருந்தது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வேலைவெட்டி இல்லாத ஆளு" என்றார். "டீசல் என்ன விலை விக்குது!"

மகள் குபுக்கென்று சிரித்தாள். "அம்மா, அதுவாவது சரியா சொல்றாருன்னு சொல்லு."

இவளுக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். லாரிக்காரன் துணியும் கையுமாக அப்படியே நின்றான்.

"நான் சொல்ல மாட்டேன். நான் என்ன உங்களுக்குத் தபால்பெட்டியா? தண்ணி வேணும்னு சொல்லு, சாவி எங்கேன்னு கேளு... ஏழு மாசம்! அங்க எட்டு பேரு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான், அவன் அழறான் இதுக்கு. நீங்க பிரேக் லைட்டைப் பார்க்கறீங்க. புதன்கிழமை போறா. வாயிருக்குல்ல ரெண்டு பேருக்கும்?"

வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. "படத்தைப் போடு" என்றார் அவர்.

"போட மாட்டேன்."

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள். "ஆறே கால் வண்டி. பெட்டி ரெண்டு இருக்கு. ஸ்டேஷனுக்கு வர்றீங்களா?"

கட்டியிருந்த கை அவிழ்ந்தது. வலது கை மடங்கி முகத்துக்குப் போனதை இவள் பார்த்தாள். மூக்கைச் சொறிந்தாரா, கண்ணைத் துடைத்தாரா, தெரியவில்லை. திரைச்சீலை இழுத்திருந்ததில் அறையும் இருட்டு. சொல்வதற்கு இங்கே மெஷினும் இல்லை.

அவர் எழுந்தார். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். தரையில் இருந்த தன் காலி டம்ளரைக் குனிந்து எடுத்தார். ஏழு மாதத்தில் முதல் முறையாக, மகளுடையதையும் சேர்த்து எடுத்தார். இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, டிவியைக் கடந்து, அறையை விட்டுப் போனார்.